வெக்கத்துக்கு ஒரு டீ

அந்த டீக்கடையில் காசு கொடுக்காமல் டீ குடிக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. ஊருக்கெல்லாம் தெரிந்த ஒரு விஷயம் தனக்கு மட்டும் ரொம்ப காலம் தெரியாமல் இருந்ததை, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் ஒரு டீ. அதற்குப் பெயர் வெக்க டீ.

பொத்தேரியில் ஸ்டேஷனுக்கும் பெரிய காலேஜுக்கும் நடுவில் என் ஜெராக்ஸ் கடை இருந்தது. அதை ஒட்டி ஒரு தகரக் கூரை, ஒரு பாய்லர், ரெண்டு பெஞ்சு. அதுதான் அக்கா கடை. என்னைவிட ரெண்டு மூணு வயசு சின்னவங்களாகத்தான் இருப்பாங்க. ஆனால் காலேஜ் பசங்க கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அக்கா, என் பெண்டாட்டிக்கும் அக்கா, காலேஜ் வாத்தியார்களுக்கும் அக்கா. அவங்களுக்கு நான் 'ஜெராக்ஸு'. 'அண்ணாத்த' என்று கூப்பிட்டால் தண்ணி லாரி வந்திருக்கிறது, குடம் தூக்க ஆள் வேண்டும் என்று அர்த்தம்.

ஒல்லி உடம்பு. அதற்குள் எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ, ரோட்டில் போகிற லாரிச் சத்தத்தையும் தாண்டி வரும். அக்காவிடம் ஒரு பழக்கம். ஏதாவது கேள்வி தோன்றிவிட்டால், டீ ஆற்றுகிற கை அப்படியே மேலே நின்றுவிடும். பதில் வந்த பிறகுதான் கை கீழே இறங்கும், டீ கிளாசுக்கு வரும். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் பாடு பேஜாருதான். "அக்கா, வண்டி வந்துடும், குடுக்கா" என்பான். "இருடா, முந்திரிப் பழத்துக்கு கொட்டை மட்டும் ஏன் வெளிய தொங்குது? உள்ள எடமில்லியா? அதைச் சொல்லிட்டுப் போ" என்பாங்க. அவன் இஞ்சினீயரிங் படிக்கிறவன். அவனுக்கு என்ன தெரியும்? டீயும் போச்சு, வண்டியும் போச்சு.

வெக்க டீக்குச் சில சட்டங்கள் உண்டு. கதை சொந்தக் கதையாக இருக்க வேண்டும். 'என் ஃபிரண்டு ஒருத்தன்' என்று ஆரம்பித்தால் அக்கா கையைக் காட்டி நிறுத்திவிடுவாங்க. "அப்போ அந்த ஃபிரண்டை இஸ்துகினு வா. டீ அவனுக்கு." எந்த வயசில் தெரிந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம், யார் ரொம்பச் சத்தமாகச் சிரிக்கிறார்களோ அவர்கள்தான் அடுத்துச் சொல்ல வேண்டும். சிரித்துவிட்டு நழுவப் பார்த்தால் அந்த வாரம் முழுக்க அவனுக்கு ஆறின டீதான்.

மெட்ராஸ் பையன் ஒருவன் இருந்தான். கணக்கில் புலி என்று பேர். அவன் ஒரு நாள் எழுந்து நின்று, ஏதோ செமினார் எடுக்கிற மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னான். "எனக்குப் பதினேழு வயசு வரைக்கும் பசு பொம்பள, எருமை ஆம்பள. ரெண்டும் புருஷன் பொண்டாட்டின்னு நெனச்சிட்டு இருந்தேன்."

பெஞ்சு குலுங்கியது. அக்கா சிரிக்கவில்லை. கை மேலேயே நின்றது.

"அப்போ எருமைப் பால்னு விக்கிறாங்களே, அது எங்கேந்து வருதுன்னு நெனச்ச?"

"அதை யோசிக்கலக்கா."

"யோசிச்சிருந்தா இந்நேரம் காலேஜுக்கு வந்திருக்க மாட்ட. ஆஸ்பத்திரிக்குப் போயிருப்ப. இந்தா, குடி."

அன்றைக்குச் சத்தமாகச் சிரித்து மாட்டிக்கொண்டவள் ஒரு கடைசி வருஷப் பெண். கொஞ்ச நேரம் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள். இளநீர் காய்க்கிற மரம் வேறு, தேங்காய் காய்க்கிற மரம் வேறு என்று போன வருஷம் வரை நினைத்திருந்தாளாம். அவள் தெருவில் இளநீர் விற்கிறவர் ஒருத்தர், தேங்காய் விற்கிற அம்மா வேறொருத்தர். அக்கா அதற்கும் தலையை ஆட்டினாங்க. "நாயம்தானே. கடை வேறன்னா மரமும் வேறன்னுதானே தோணும்?"

அக்காவின் குணமே இதுதான். யார் எதைத் தெரியாது என்று சொன்னாலும், 'இதுகூடத் தெரியாதா' என்று கேட்க மாட்டாங்க. அது எப்படித் தெரியாமல் போயிருக்கும் என்று அந்த ஆள் பக்கம் போய் நின்று பார்ப்பாங்க. பார்த்துவிட்டு அதற்கு ஒரு நியாயம் கண்டுபிடித்து வெளியே எடுத்து வைப்பாங்க. "தெரியாம இருக்கறதுல நோவு இல்ல. தெரிஞ்ச மாதிரி தலைய ஆட்டிக்கினே இருக்கியே, அதுலதான் கழுத்து நோவுது" என்று அடிக்கடி சொல்வாங்க.

என் கதையையும் சொல்லியிருக்கிறேன். எக்ஸ்பிரஸ் வண்டிகளின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார்கள் அல்லவா? பள்ளிக்கூடத்தில் என் நோட்டில் அதே குறியை நிறையப் பார்த்தவன் நான். அதனால் அந்தப் பெட்டி ஏதோ பரிட்சையில் தேறாத பெட்டி என்று முடிவு பண்ணிவிட்டேன். அதில் உட்கார்ந்து போகிறவர்களைப் பார்த்துப் பல வருஷம் பரிதாபப்பட்டிருக்கிறேன். வண்டி முழுசாகப் போய்விட்டது, நடுவில் எதுவும் கழன்றுகொள்ளவில்லை என்று ஸ்டேஷன்காரர்கள் தெரிந்துகொள்ளத்தான் அந்தக் குறி என்று ரயில்வே கேட்கீப்பர் ஒருத்தர் சொன்னபோது எனக்குக் கல்யாணமாகிக் குழந்தையே பிறந்துவிட்டது. அக்கா கேட்டுவிட்டு, "பரிதாபப்பட்டே சரி, ஒரு நாளாச்சும் யாரையாச்சும் எறங்கச் சொன்னியா ஜெராக்ஸு?" என்று கேட்டாங்க. அது எனக்குத் தோன்றவே இல்லை. இன்று வரை அந்தக் கேள்வி உறுத்துகிறது.

ஒரு தடவை ஒரு லெக்சரர் வந்தார். சின்ன வயசுக்காரர். பசங்களெல்லாம் கிளாசுக்குப் போகட்டும் என்று காத்திருந்து, என் கடையில் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். "பகல்லயும் நிலா இருக்கும்னு எனக்கு முப்பது வயசுலதான் தெரிஞ்சதுக்கா. காலையில பிளாட்ஃபாரத்துல நின்னுட்டு அண்ணாந்து பார்க்கறேன், வெள்ளையா நிக்குது. வானத்துக்கு என்னவோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன். பூக்காரம்மாகிட்டப் போய்க் கேட்டேன்." அக்கா அவருக்கு டீயோடு ஒரு பன்னும் சேர்த்துக் கொடுத்தாங்க. பெரிய படிப்பு, அதனால் பெரிய வெக்கம் என்று கணக்கு.

கருங்குழியிலிருந்து தினம் ரயிலில் வந்துபோன ஒரு பையனைச் சொல்லாமல் விட முடியாது. ரொம்ப அமைதி. அவன் சொன்னான்: "ஒன்பதாவதுல ஒரு ஃபாரம் குடுத்தாங்க. அப்பா பேருங்கிற எடத்துல 'நைனா'ன்னு எழுதினேன். வூட்ல எல்லாரும் அப்படித்தான் கூப்புடுவோம். வாத்தியார் ரெஜிஸ்டரைப் பார்த்து அதை அடிச்சிட்டு வேற பேரு எழுதினாரு. யாரோ ஒரு ஆளை எனக்கு அப்பாவா எழுதிட்டாருன்னு அழுதுகினே வூட்டுக்குப் போனேன்."

யாருக்கும் சட்டென்று சிரிப்பு வரவில்லை. அக்கா, "உங்க நைனா பேரு இன்னா?" என்று கேட்டாங்க. சொன்னான். "நல்ல பேராத்தான் கீது. கூப்புட ஆளில்லாம வீணாக் கெடந்திருக்குது பாரு" என்றாங்க. அப்புறம்தான் அவனே முதலில் சிரித்தான்.

இப்படி எத்தனையோ பேர் சொல்லி எத்தனையோ டீ குடித்தார்கள். அக்கா மட்டும் தன் கதையைச் சொன்னதே இல்லை. பசங்க விடுவார்களா? "எல்லார்கிட்டயும் புடுங்கறியே, உன்னுது இன்னாக்கா?" என்பார்கள். "என்னுது ஒரு கிளாஸ்ல அடங்காதுடா. பாய்லரே வேணும்" என்று சொல்லிவிட்டு வடைச் சட்டி பக்கம் திரும்பிவிடுவாங்க. எனக்கு அது என்னவாக இருக்கும் என்று தலையைக் குடைந்துகொண்டே இருந்தது. இன்னொன்றையும் கவனித்திருந்தேன். ஒவ்வொரு பேட்ச் பசங்களும் படிப்பு முடிகிற சமயம் மகாபலிபுரம் போவார்கள். வேனில் இடம் இருக்கிறது, நீயும் வா அக்கா என்று கெஞ்சுவார்கள். எதைக் கேட்டாலும் கை மேலே நிற்கிற அந்த ஆள், இதற்கு மட்டும் யோசிக்காமல் பதில் சொல்வாங்க. "எனக்கு வேலை கீது. நீங்க போயிட்டு வாங்க."

அக்காவின் வீட்டுக்காரர் கொத்தனார் மேஸ்திரி. பொத்தேரியைச் சுற்றி எழும்பின ஹாஸ்டல்களில் பாதிக்கு அவர் கரண்டி பட்டிருக்கும். நல்ல மனுஷன், குடி கிடையாது. ஒரே ஒரு விஷயம், அவரைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. ஒரு வீட்டில் படிக்கட்டு கட்டும்போது ஒரு படி மட்டும் கொஞ்சம் உயரமாகப் போய்விட்டது. அந்த வீட்டின் சொந்தக்காரர் விளையாட்டாக, "இந்தப் படி மட்டும் ஒட்டகத்துக்கா மேஸ்திரி?" என்று கேட்டுச் சிரித்தார். மேஸ்திரி ஒன்றும் பேசாமல் மொத்தப் படிக்கட்டையும் இடித்துத் தன் செலவில் மறுபடி கட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் ரெண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை. இதை அக்காவேதான் சொன்னாங்க. அவர் எங்கள் கடைப் பக்கம் வருவதே அபூர்வம். வந்தாலும் சாவியைக் கொடுத்துவிட்டு நின்ற மேனிக்கே போய்விடுவார்.

ஒரு பொங்கல் லீவு. காலேஜ் காலி. எனக்கும் வேலையில்லை, அக்காவுக்கும் இல்லை. சும்மா பேசிக்கொண்டிருக்கும்போது, "ஏன்க்கா, மகாபலிபுரம் இங்கேருந்து எவ்வளவு தூரம்? ஒரு தடவை பசங்களோட போயிட்டு வந்தால் என்ன?" என்று கேட்டேன். அக்கா தெருவை ஒரு பார்வை பார்த்தாங்க.

"யார்கிட்டயும் சொல்லாத ஜெராக்ஸு. குறிப்பா எங்க வூட்டுக்காரர்கிட்ட."

அப்புறம் சொன்னதை அவங்க வாயாலேயே சொல்கிறேன்.

"எங்க நாத்தனார் கல்யாணம் திருக்கழுக்குன்றத்துல. இந்தக் கடையெல்லாம் போடறதுக்கு முன்ன. நாங்க படாளம் பக்கம் சொந்தமா ஏரு வெச்சவங்க கூட இல்ல, நாத்து நடப் போறவங்க. எங்க தெருவுல ஒருத்தரும் கடலைப் பாத்ததில்ல. கல்யாணம் முடிஞ்சி பொண்ணு மாப்ளையோட வேன்ல திரும்பறோம். இங்கேந்து கிட்டத்தான, கடலைப் பாத்துட்டுப் போவலாம்னு எல்லாரும் சொல்ல, இவரு சரின்னாரு. பொண்ணோட அண்ணனாச்சே, அன்னிக்கு இவருதான் எல்லாருக்கும் பெரியவரு. வேனை பஸ் ஸ்டாண்டு கிட்ட போட்டுட்டு டிரைவர் டீ குடிக்கப் பூட்டான். நாங்க நேரா நடந்தோம். கம்பி வேலி. உள்ள கல்லுக் கோயிலு. வாசல்ல டிக்கெட் குடுக்கறாங்க. கடல் சத்தம் கேக்குது, காத்து வருது, புடவை பறக்குது. கடலைத்தான் காணோம். இவரு போயி 'உள்ள போவ டிக்கெட்டா?'ன்னு கேட்டாரு. அந்த ஆளு ஆமான்னான். அவன் கோயிலைச் சொன்னான். இவரு கடலுக்குன்னு எடுத்துக்கினாரு."

"சரி."

"கல்யாணம் முடிச்ச கையி, காலி. அத்தினி பேருக்கும் டிக்கெட் எடுக்க முடியாது. முடியாதுன்னு வாயால சொல்லவும் அவரால முடியாது. திரும்பி வந்து எல்லார்கிட்டயும் சொல்றாரு, 'கடல்னா இன்னா சும்மாவா? கவர்மெண்டு டிக்கெட் போட்டு வெச்சிருக்குது. அதுக்குன்னு ஒரு நாள் தயாரா வரலாம். இப்ப இருட்டறதுக்குள்ள வூடு போயி சேரணும்.' ஒரு வேன் ஜனம், கிழவி கொழந்தைங்க எல்லாம், சத்தத்தை மட்டும் கேட்டுட்டுத் திரும்பிட்டோம். அந்த வேலியோரமா கொஞ்சம் தள்ளி நடந்திருந்தா மணலு. ஆடு மாடு கூடப் போவுதாம்."

அது அக்காவுக்குத் தெரிய வந்ததே இந்தக் கடையில்தான். பேண்ட்டெல்லாம் ஈரமும் மணலுமாக ஒரு பையன் வந்து நிற்க, எங்கே போயிருந்தாய் என்று கேட்டிருக்காங்க. கடலுக்கு என்றிருக்கிறான். "இப்போ டிக்கெட் எத்தினிடா?" என்று கேட்டிருக்காங்க. பெஞ்சு மொத்தமும் சிரித்துவிட்டது. அக்காவும் விளையாட்டுக்குக் கேட்ட மாதிரி கூடச் சேர்ந்து சிரித்து மழுப்பியிருக்காங்க.

"வூட்டுக்குப் போற வழியெல்லாம் யோசிச்சிக்கினே போனேன். என் மூஞ்சியே இப்படி எரியுதே, அவருக்கு எப்படி எரியும்? இன்னிக்கும் ஊருக்குப் போனா, தெருவுல யாராச்சும் கடல்னு பேச்செடுத்தா, 'டிக்கெட் வாங்கணும், ஆனா ஒரு நாள் கூட்டினு போறேன்'னு பெருமையாச் சொல்லிக்கினு இருக்காரு. அவரு இல்லாம நான் போனா நான் திருட்டுத்தனம் பண்ண மாதிரி. அவரோட போனா எல்லாரெதிர்லயும் அவரைப் பொய்க்காரனா நிறுத்தின மாதிரி."

"அதனால?"

"அதனாலதான் மறுநாள் இந்த டீயை ஆரம்பிச்சேன். என்னிக்காச்சும் மனுஷன் இந்த பெஞ்சில வந்து உக்காருவாரு. படிச்சவன், பெரிய வூட்டுப் புள்ள, அத்தினி பேரும் தன் வெக்கத்தைத் தானே சொல்லி டீ வாங்கிக் குடிக்கறதைப் பாப்பாரு. இதுல ஒண்ணும் உசுரு பூடாதுன்னு புரிஞ்சிக்குவாரு. அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்னுதான்."

ஒரே ஒரு ஆளுக்காக இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் டீ ஊற்றிக்கொண்டிருந்திருக்காங்க. அந்த ஆள் மட்டும் பெஞ்சில் உட்காரவில்லை.

உட்கார வைத்தது ஒரு சாரம். மூணாவது மாடிப் பூச்சு வேலையில் மேஸ்திரிக்குச் சாரக் கம்பில் கால் வழுக்கி, பெரிய அடி இல்லை, முட்டி மட்டும் பிசகிவிட்டது. சில மாசம் ஏறி இறங்கக் கூடாது என்றார்கள். வீட்டில் தனியாக எத்தனை நேரம்தான் மோட்டுவளையைப் பார்ப்பார்? கடைக்கு வர ஆரம்பித்தார். பெஞ்சில் இல்லை, பாய்லருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்குவார். செங்கல் அடுக்குகிற கை அல்லவா, வெங்காயம் ஒரே அளவில் விழும்.

முதல் வாரம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. "இன்னா இது, படிக்க வந்த புள்ளைங்க இப்படி உளறிக்கினு. அதுக்கு ஒரு டீ வேற." ரெண்டாவது வாரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு நாள், நிலக்கடலை மரத்தில் காய்க்கும் என்று நினைத்த பையன் பேசும்போது, பாய்லருக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அக்கா என்னைப் பார்த்தாங்க. நான் அக்காவைப் பார்த்தேன். சிரித்தவர்தான் அடுத்துச் சொல்ல வேண்டும் என்ற சட்டத்தை அன்றைக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

ஒரு நீலகிரிப் பெண் பேசினது அதற்குச் சில நாள் கழித்து. முதல் வருஷம் படிக்கிறவள், மலையிலிருந்து முதல் முறையாகக் கீழே இறங்கினவள். ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு மகாபலிபுரம் போய்வந்திருந்தாள்.

"எங்க ஊர்ல பூங்காவுக்கே டிக்கெட் இருக்குக்கா. அதனால கடலுக்கும் இருக்கும்னு நெனச்சேன். பர்ஸைக் கையில வெச்சிட்டே மணல்ல நடக்கறேன், யாருமே வந்து கேக்கல. தண்ணியில கால் வெச்சப்புறம்கூடத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கடல் ஃப்ரீன்னு எனக்குப் பதினெட்டு வயசுலதான் தெரிஞ்சுதுக்கா."

பெஞ்சு சிரித்த சிரிப்பில் என் கடையில் நின்றிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அக்காவின் கை மேலே நின்றது. நான் பாய்லர் பக்கம் பார்க்கத் துணியாமல் மிஷின் மூடியைத் திறந்து திறந்து மூடினேன். கத்தி பலகையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. மேஸ்திரி எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார். டீ வழிந்து அக்காவின் விரலில் ஊற்றியதுகூட அவங்களுக்குத் தெரியவில்லை.

"போச்சு ஜெராக்ஸு" என்றாங்க. "நான் சொல்லியிருந்தா வூட்டுக்குள்ள போயிருக்கும். இப்ப பெஞ்சில கேட்டுட்டாரு. எத்தினி நாளு சோறு துன்னாம கெடப்பாரோ."

மறுநாள் காலை மேஸ்திரி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. நேராக வந்து, ஸ்டூலுக்குப் போகாமல், பெஞ்சில் அந்த நீலகிரிப் பெண்ணுக்குப் பக்கத்தில் இடம் விடச் சொல்லி உட்கார்ந்தார். கடையைப் பார்த்து இல்லாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு ஒண்ணு போடு. வெக்க டீ."

பசங்க கிளாசைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்கள்.

"இந்தப் பொண்ணு சொன்னதேதான். கடலுக்கு டிக்கெட் கெடையாதுன்னு எனக்குத் தெரியாது. என்னைக் காட்டியும் இது தேவலை, தனியா ஏமாந்துது. நான் ஒரு வேன் ஜனத்தைக் கடல் வாசல் வரைக்கும் இட்டுனு போயி திருப்பிக் கூட்டினு வந்துட்டேன். என் தங்கச்சி கல்யாணத்தன்னிக்கு."

அந்தப் பெண் சொன்னாள், "அண்ணா, நான் மட்டும்தான்னு நேத்து ஹாஸ்டல் பூராவும் கிண்டல். இப்போ துணைக்கு ஆள் கெடச்சிடுச்சு."

மேஸ்திரி அவளைப் பார்த்தார். முகம் இறுகுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இறுகவில்லை.

அக்கா கேட்டாங்க: "நேத்துதான் தெரிஞ்சிதா?"

"நேத்து இல்ல. ஈ.சி.ஆர். பக்கம் ஒரு ரிசார்ட்டுக்குக் காம்பவுண்டு கட்டப் போனேனே, அப்போ. மத்தியானம் சோத்துக்கு எல்லாரும் கை கழுவக் கடல் தண்ணிக்கிட்டப் போனாங்க. நானும் போனேன். பாக்கெட்ல கைய வெச்சிக்கினு நின்னேன். வந்து கேப்பான்னு. ஒருத்தனும் வரல."

"அது ஆயி எத்தினி வருஷம் ஆவுது."

"ஆவுது."

"வூட்டுக்கு வந்து சொல்றதுக்கு இன்னா?"

"எப்படிச் சொல்றது? அத்தினி பேர்ல நீதான அன்னிக்கு ரொம்ப ஆசையா இருந்த. செருப்பைக்கூடக் கழட்டிக் கையில எடுத்துக்கினே."

அக்கா கையிலிருந்த கிளாசைப் பாய்லர் பக்கத்தில் வைத்தாங்க. அப்புறம், "உனக்கு டீ கெடையாது" என்றாங்க. "லேட்டா தெரிஞ்சிக்கினதுக்குத்தான் டீ. தெரிஞ்சிக்கினும் வாயைத் தொறக்காததுக்கு இல்ல." ஒரு மூச்சு விட்டு, "எனக்கும் கெடையாது. எனக்கும் தெரியும்" என்றாங்க.

மேஸ்திரி அப்போதுதான் திரும்பினார். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. சட்டப்படி ரெண்டு பேருக்கும் இல்லாத அந்த ரெண்டு டீக்கும் நான் காசு வைத்தேன். அக்கா எடுத்துக்கொண்டாங்க, அதிலெல்லாம் கறார்.

செய்தி படாளத்தில் அவங்க தெருவுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? சாயங்காலமே போய்விட்டது. அன்று வேனில் வந்தவர்களில் பாதிப் பேருக்கு எப்போதோ தெரியுமாம். சிலர் பிள்ளைகளோடு ரெண்டு மூணு தடவை போய்க் குளித்துவிட்டே வந்திருக்கிறார்கள். மேஸ்திரி மனசு கஷ்டப்படும் என்று ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கல்யாணப் பெண்ணான அவர் தங்கச்சி மட்டும் நேரில் வந்து, "யண்ணா, பட்டுப் புடவை கட்டிக்கினு அவ்ளோ தூரம் நடந்தேன்" என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டு, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனாள். மேஸ்திரி அன்றும் சாப்பிட்டார், மறுநாளும் சாப்பிட்டார். அக்கா கவனித்துக்கொண்டே இருந்தாங்க.

முட்டி சரியானதும் ஒரு திங்கட்கிழமை கடை திறக்கவில்லை. காலேஜ் நடக்கிற நாளில் அந்தக் கடை மூடியிருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பசங்க என்னிடம் வந்து வந்து கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன், கழுத்து வலிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா வந்தாங்க. முகம் கறுத்திருந்தது, கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் அப்படியே. பாய்லரைப் பற்ற வைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டாங்க.

"ஜெராக்ஸு, அலை ராத்திரியிலயும் அடிக்குமாமே, உனக்குத் தெரியுமா?"

"தெரியுமே."

"எனக்குத் தெரியாது. எங்க ஊர் ஏரி பொழுது சாஞ்சா அடங்கிடும். காத்து நின்னா ஒரு சுருக்கம் இருக்காது. இதுவும் அப்படித்தான் அடங்கும்னு நெனச்சேன். அங்க ஒரு மீன்காரம்மா கூடையைக் கழுவிக்கினு இருந்திச்சி. அதுகிட்டப் போயி, இது எத்தினி மணிக்கும்மா அடங்கும்னு கேட்டேன். அது என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, 'அடங்கிட்டா எங்களுக்குத் தூக்கம் வராதே தாயி'ன்னு சிரிச்சிது."

"நீ என்ன சொன்னே?"

"நான் இன்னா சொல்றது, வாயைத் தொறக்கறதுக்குள்ள இவரு குறுக்க வந்துட்டாரு. 'எனக்கும் தெரியாதும்மா, நான் அங்க வேலை செஞ்சதெல்லாம் பகல்லதான், நானும் அடங்கும்னுதான் நெனச்சேன்'னாரு. அது இவரை ஒண்ணுமே கேக்கல ஜெராக்ஸு. கேக்காமயே சொன்னாரு. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் மணல்லயே உக்காந்துட்டோம். அந்தம்மா சொன்னா சொல்லிட்டுப் போவுது, அடங்குதா இல்லியான்னு நாமளே பாத்துடலாம்னாரு."

"அடங்குச்சா?"

அக்காவின் கை மேலேயே நின்றது. கிளாசுக்குள் இன்னும் டீ விழவில்லை.

"கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சி" என்றாங்க. "அதுவரைக்கும் அடங்கல."